ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தது யார்?

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று ஒரு பழமொழி. கர்ப்பமாக இருக்கும் மருமகள்தான் இங்கே 'ஊரார் பிள்ளை', அவள் வயிற்றில் இருப்பது 'தன் பிள்ளை' என்று இதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. பட்டிமன்றங்களில் கேட்டிருப்பீர்கள். எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் எனக்கு இடறுவது 'தானே' என்ற அந்த ஒரு சொல்தான்.

இதே சொல் வாட்ஸப்பில் வாரம் ஒருமுறை வேறு வேஷத்தில் வருகிறது. "அந்தக் காலத்துல வீட்டுக்கு எட்டுப் பிள்ளை, எல்லாம் தானா வளர்ந்துச்சு. இப்ப ஒண்ணை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் அல்லாடுறாங்க." கூட்டுக்குடும்பம் போனதால் வந்த வினை, ஊர் என்ற ஒன்று இல்லாமல் போனதால் வந்த வினை என்று அது முடியும். இதில் ஒரு உண்மை இருக்கிறது. அந்த உண்மைக்கு மிக வலுவான ஆதாரங்களைத் திரட்டித் தந்த புத்தகம் சாரா பிளாஃபர் ஹர்டி எழுதி 2009-இல் வெளியான 'மதர்ஸ் அண்ட் அதர்ஸ்'. தாய்மாரும் மற்றவர்களும் என்று சொல்லலாம். அந்தப் புத்தகம் எதை நிறுவுகிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதுதான் இந்தக் குறிப்பு. நான் மானிடவியல் படித்தவனில்லை. பி.இ. முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், ராத்திரியில் ஆய்வுக் கட்டுரைகள் வாசிப்பவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆபு மலையில் தொடங்கிய கேள்வி

ஹர்டி அமெரிக்கர். ஆனால் அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை தொடங்கியது இந்தியாவில். 1970-களில் ராஜஸ்தானின் ஆபு மலையில் அனுமன் மந்திகளைக் கவனித்தார். கூட்டத்தைப் புதிதாகக் கைப்பற்றும் ஆண் மந்தி, ஏற்கெனவே இருக்கும் குட்டிகளைக் கொல்கிறது என்று அவர் எழுதியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. 1977-இல் அது புத்தகமாக வந்தது. அதே கூட்டத்தில் அவர் இன்னொன்றையும் கண்டார். குட்டி பிறந்த அன்றே மற்றப் பெண் மந்திகள் அதை வாங்கிக்கொண்டு போகின்றன. தாயும் கொடுக்கிறது.

நமக்கு இது சாதாரணம். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் நாமும் கையை நீட்டத்தான் செய்கிறோம். ஆனால் நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் இப்படிச் செய்வதில்லை. மாதக்கணக்கில் தாய் தன் குட்டியை இன்னொருவர் கையில் கொடுக்காது. அதனால் அடுத்த குட்டிக்கு நீண்ட இடைவெளி வேண்டும். சிம்பன்சிக்கு ஐந்தாறு வருடம், உராங்குட்டானுக்கு ஏழெட்டு வருடம். வேட்டையாடிக் கிழங்கெடுத்து வாழும் மனிதக் குழுக்களிலோ மூன்று நான்கு வருடத்தில் அடுத்த பிள்ளை. மனிதப் பிள்ளைதான் எல்லாவற்றிலும் மெதுவாக வளர்வது. தன் காலில் நிற்கும் வயது வரை அது தின்பது ஏறக்குறைய 1 கோடி முதல் 1.3 கோடி கலோரி. ஒரு தாய் தனியாக, தகப்பனின் உதவியோடு சேர்த்தாலும், இதைத் திரட்ட முடியாது.

முடியாத ஒன்று லட்சக்கணக்கான வருடமாக நடந்திருக்கிறதென்றால் வேறு கைகள் இருந்திருக்க வேண்டும். ஹர்டியின் வாதம் இவ்வளவுதான். மனிதன் கூட்டாகப் பிள்ளை வளர்க்கும் விலங்கு. நம் மூளை பெரிதாவதற்கு வெகு முன்பே இது தொடங்கிவிட்டது. யார் முகம் சிரிக்கிறது, யார் தூக்குவார், யாரை நம்பலாம் என்று படிக்கத் தெரிந்த குழந்தைதான் பிழைத்தது. பிறர் மனதை ஊகிக்கும் நம் திறமை அங்கிருந்து வந்தது என்கிறார்.

என் தொழில் மொழியில் சொன்னால், ஒற்றை சர்வரில் ஓடும்படி இந்த அமைப்பு வடிவமைக்கப்படவே இல்லை. பெங்களூரில் ஒரு அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஆறுமாதக் குழந்தையோடு பகல் முழுக்கத் தனியாக இருக்கும் பெண் "என்னால முடியல" என்று சொன்னால், அது அவளுடைய திறமைக் குறைவு இல்லை. அந்தச் சூழ்நிலைதான் புதுசு. ஹர்டியின் புத்தகத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

எந்தக் கைகள்?

'ஊர்' என்று பொதுவாகச் சொல்வதோடு ஆய்வாளர்கள் நிற்கவில்லை. யாருடைய கை என்று எண்ணியிருக்கிறார்கள். தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸும் சகாக்களும் செய்த வேலை இதில் முக்கியமானது. வயதான பெண்கள் வெயிலில் மணிக்கணக்காகக் கிழங்கு தோண்டுகிறார்கள். மகள் புதுப்பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூத்த பிள்ளைகளின் வயிற்றை நிரப்புவது பாட்டியின் கிழங்கு. காங்கோவின் இத்தூரிக் காட்டில் வாழும் எஃபே மக்களிடம் கைக்குழந்தை ஒரே நாளில் பல பெண்களின் கை மாறுகிறது.

காம்பியாவில் நான்கு கிராமங்களில் 1950 முதல் 1974 வரை பிறப்பு, இறப்பு, எடை எல்லாம் பதிவாகியிருந்தன. ரெபெக்கா சியர், ரூத் மேஸ் ஆகியோர் அந்தப் பதிவேடுகளை எடுத்து, யார் உயிரோடு இருந்தால் குழந்தை பிழைத்தது என்று பார்த்தார்கள். தாய், அது தெரிந்ததே. அடுத்து அம்மாவின் அம்மா. அடுத்து மூத்த அக்கா. தகப்பன் இருந்தானா இல்லையா என்பது குழந்தையின் உயிரில் பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. 2008-இல் அவர்கள் உலகின் பல பகுதிகளிலிருந்து இதுபோன்ற தரவுகளைத் தொகுத்தபோதும் படம் அதிகம் மாறவில்லை. தாயைத் தவிர யாராவது ஒரு உறவு கைகொடுத்திருக்கிறது, பெரும்பாலும் அம்மாவழிப் பாட்டி. அப்பாவழிப் பாட்டியின் கதை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஜெர்மனியில் குரும்ஹார்ன் என்ற பகுதியின் 18, 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில், அப்பாவின் அம்மா உயிரோடிருந்த வீடுகளில் பச்சைக்குழந்தைகள் அதிகமாக இறந்திருக்கின்றன.

தமிழ் வாசகர்கள் இங்கே சிரித்திருப்பீர்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் சும்மா வந்ததில்லை. பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியச் சோறும் பிரசவ மருந்தும் கொடுத்து, ராத்திரி அழும் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு "நீ செத்த தூங்கு" என்று சொல்ல, மூன்று மாதமாவது பெற்ற தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அம்மாவழி, அப்பாவழி என்று இரண்டு கட்டம் போட்டு எண்ணும் இந்த முறை, நம் பக்கத்துக்கு அப்படியே பொருந்தாது. தாய்மாமனைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கு மாமியார் யார்? அவளுடைய சொந்த அம்மாச்சி. அத்தை மகனைக் கட்டியவளுக்கு? பிறந்தது முதல் தூக்கி வைத்திருந்த அத்தை. சொந்தத்துக்குள் கட்டுவதால் வரும் மரபுவழி நோய்கள் தனிக்கதை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் புகுந்த வீட்டில் முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் பிள்ளையைக் கொடுக்கும் நிலை இந்தப் பெண்களுக்கு இல்லை. டிம் டைசன், மிக் மூர் இருவரும் 1983-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த வேறுபாட்டைத்தான் பிடித்தது. வடக்கே பெண்ணை வேற்றூருக்கு, அறியாத குடும்பத்துக்குக் கொடுக்கிறார்கள். தெற்கே பெரும்பாலும் அருகில், தெரிந்த உறவுக்குள். தெற்கில் குழந்தை இறப்பும் பிறப்பு விகிதமும் குறைவாக இருந்ததற்கு இதையும் ஒரு காரணமாக அவர்கள் வைத்தார்கள். ஆக, 'ஊர்' உதவுகிறதா என்பது ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததில்லை. பிள்ளை பெற்றவள் வாய்திறந்து "கொஞ்சம் பிடி" என்று யாரிடம் கேட்க முடியும் என்பதைப் பொறுத்தது. கூட்டுக்குடும்பம் என்ற பெயரில் பன்னிரண்டு பேர் உள்ள வீட்டில், கேட்க ஒருவர்கூட இல்லாமல் இருந்த பெண்கள் ஏராளம்.

அக்காவின் கணக்கு

இப்போது என் விமர்சனத்துக்கு வருகிறேன். காம்பியாப் பட்டியலில் மூன்றாவதாக இருந்தவளை மறுபடி பாருங்கள். மூத்த அக்கா.

ஹர்டி இந்த இளம் உதவியாளர்களைப் பற்றி விரிவாகவே எழுதுகிறார். குரங்குகளில் இளம் பெண்கள் குட்டி தூக்கிப் பழகிக்கொள்கின்றன, பின்னால் தம் குட்டியை வளர்க்க அது உதவுகிறது. மனிதரிலும் அக்காமார் பழகிக்கொள்கிறார்கள். சரிதான். ஆனால் உதவுகிறவளுக்கு என்ன செலவு என்பதைப் பரிணாமவியல் ஒரே நாணயத்தில்தான் எண்ணும். 1964-இல் ஹாமில்டன் வகுத்த விதிப்படி, உதவியால் உறவினருக்குக் கிடைக்கும் நன்மையை உறவின் நெருக்கத்தால் பெருக்கி வருவது, உதவுகிறவரின் இழப்பை விட அதிகமாக இருந்தால் அந்த குணம் பரவும். அக்காவுக்கும் தம்பிக்கும் நெருக்கம் அரை. இழப்பு என்றால் அவளுக்குப் பிறக்காமல் போகும் பிள்ளைகள். இந்தப் பேரேட்டில் அவள் படிக்காமல் போன ஆறாம் வகுப்புக்கு ஒரு வரி கிடையாது.

என் பெரியம்மா ஆறு பேரில் மூத்தவர். விருதுநகர்ப் பக்கத்துக் கிராமம். தம்பி தங்கைகள் பிறந்த வருடங்களைக் கேட்டால் அவர் வருடம் சொல்ல மாட்டார், வகுப்பு சொல்வார். "உங்கம்மா பொறந்தப்ப நான் ரெண்டாப்பு. உன் பெரிய மாமன் நாலாப்பு." அஞ்சாப்புக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அவரிடம் கணக்கு இல்லை. "இடுப்புல ஒண்ண வச்சுக்கிட்டுத்தான்யா பள்ளிக்கூடம் போவேன். அது அழுதா, வெளிய தூக்கிட்டுப் போய் அமத்துன்னுவாரு வாத்தியாரு. பாதி நாள் வேப்பமரத்தடியிலதான். அப்புறம் என்னத்துக்குப் போகணும்னு நின்னுட்டேன்." இதை அவர் குறையாகச் சொன்னதில்லை. என் அம்மா ஆசிரியப் பயிற்சி முடித்தவர். நான் பொறியாளர். எங்கள் வீட்டு முன்னேற்றத்தை யாராவது வரைபடமாகப் போட்டால், அதன் முதல் புள்ளி அந்த வேப்பமரத்தடியில் இருக்கும்.

வேட்டையாடி வாழும் குழுவில் பத்து வயதுப் பெண் தம்பியைத் தூக்கி வைத்திருந்தால் அவள் பெரிதாக எதையும் இழக்கவில்லை, அவளுடைய தோழிகளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் என்று ஒன்று வந்த நாளிலிருந்து அதே வேலையின் விலை மாறிவிட்டது. ஹர்டியின் கேள்வி நாம் எப்படி உருவானோம் என்பது, நியாயம் பற்றியது இல்லை, அதனால் இதை அவரிடம் கேட்கக் கூடாது என்று வாதிடலாம். ஆனால் அவரே கடைசி அத்தியாயத்தில் இன்றைய காலத்துக்கு வந்துவிடுகிறார். பிள்ளை வளர்க்கும் கலையை நாம் தொலைக்கிறோமா என்று கவலைப்படுகிறார். குழந்தைக்கு என்ன இழப்பு என்று கேட்கிறவர், தூக்கியவளுக்கு என்ன இழப்பு என்றும் கேட்டிருக்க வேண்டும்.

விந்தை என்னவென்றால், இதை நம் அரசாங்கத்தின் ஒரு ஆவணம் கேட்டிருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, குழந்தைக் காப்பகங்கள் ஏன் வேண்டும் என்பதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமிகள் பள்ளிக்குப் போக முடிய வேண்டும் என்பது. காப்பகம் என்றால் வேலைக்குப் போகும் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் என்றுதான் நினைக்கிறோம். மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள் என்பதை அந்த ஒரு வரி கண்டுகொண்டது.

பால்வாடி என்ற ஊர்

நம்மிடம் 'ஊர்' எப்போதாவது ஒரு கட்டடமாக, நேரத்தோடு, ஆளோடு நின்றதென்றால் அது பால்வாடிதான். மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் கொடுத்த அறிக்கை பாதை போட்டது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1980-இல் உலக வங்கிக் கடனில் தனியாக ஒரு ஊட்டச்சத்துத் திட்டம், மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஆரம்பித்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துணவு. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம், கிராமப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்த்து இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் மையங்களில் சோறு போட்டது. இன்று மாநிலத்தில் அங்கன்வாடி மையங்கள் 54,000 அளவில்.

2006-இல் ஆறு மாநிலங்களின் அங்கன்வாடிகளை ஒப்பிட்டு வந்த 'ஃபோகஸ்' அறிக்கையில் தமிழ்நாடு தனித்துத் தெரிந்தது. காரணங்களில் எளிமையான ஒன்று, மையம் திறந்திருந்த நேரம். வட மாநிலங்களில் பாதி நாள்கூட இல்லை, இங்கே ஆறு மணி நேரத்துக்கும் மேல். நேரம் இருந்தால்தான் ஒரு தாய் கூலி வேலைக்குப் போக முடியும், ஒரு அக்கா வகுப்பில் உட்கார முடியும். முட்டை, சத்துமாவு பற்றி எவ்வளவோ பேசுகிறோம். ஆனால் ஆயா கதவைத் திறந்து வைத்திருக்கும் அந்த ஆறு மணி நேரமும் முட்டை அளவுக்கு முக்கியமானது.

அந்த ஏற்பாட்டிலும் ஓட்டைகள் உண்டு. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு அங்கே எடை பார்ப்பார்கள், இணை உணவு கொடுத்தனுப்புவார்கள், ஆனால் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் கிடையாது. அதிகமாகக் கை தேவைப்படும் வயது அது. நடவுக்குப் போகிறவர் விடியும் முன்பே கிளம்பிவிடுகிறார். மையம் திறக்கும் வரை பிள்ளை யார் இடுப்பில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2017-இன் மகப்பேறு சட்டத் திருத்தம் 26 வார விடுப்பு தந்தது, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் காப்பகம் கட்டாயம் என்றது. என்னைப் போல ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு உபயோகமான சட்டம். வயலிலும் செங்கல் சூளையிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் பெண்களை அது எட்டவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவு. ஆறு வயதுக்குக் கீழ் ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க விட வேண்டும், அவருக்கும் மண் வெட்டுகிறவருக்கான கூலியே தர வேண்டும். நடைமுறையில் ஏட்டளவில் நின்ற இடங்கள் ஏராளம். இருந்தாலும் அந்தப் பிரிவு ஒன்றைச் சொல்லிவிட்டது: பிள்ளை பார்ப்பது வேலை, அதற்குக் கூலி உண்டு.

அங்கன்வாடி விஷயத்தில் இதே அரசு அப்படிச் சொல்லவில்லை. ஊழியரும் உதவியாளரும் பெறுவதற்கு மத்திய அரசு வைத்த பெயர் 'மதிப்பூதியம்'. சம்பளம் என்ற சொல் கிடையாது. 2018-இல் மத்திய அரசு உயர்த்திய பிறகும் ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன, ஆனால் அந்தப் பெயர் போகவில்லை. இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிக்கொடை பெற உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. வேப்பமரத்தடியில் பெரியம்மாவை உட்கார வைத்த அதே கணக்குதான் இது. பாசத்தால் செய்கிறாள், அதனால் விலை கேட்க மாட்டாள்.

ஹர்டியின் புத்தகத்தைக் கட்டாயம் படியுங்கள். தாய் ஒருத்தியே போதும் என்ற கட்டுக்கதையை அது அடியோடு சாய்க்கிறது. ஆனால் படித்து முடித்தவுடன் "ஆகா, பழைய ஊர்" என்று ஏங்க வேண்டாம். அந்த ஊரில் யார், எத்தனை மணி நேரம், எதை விட்டுவிட்டுத் தூக்கி வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்கலாம். உங்கள் அப்பாவை, அம்மாவைச் சின்ன வயதில் இடுப்பில் வைத்திருந்தது யார், அப்போது அவருக்கு என்ன வயது என்று. பதில் கிடைத்தால் எழுதுங்கள், ஒரு பட்டியல் போடலாம். பெயர் வேண்டாம், வயதும் விட்ட வகுப்பும் போதும்.